கடைசியில் பங்குனி

ஜூலை 21, திங்கள்

இல்லை, புத்தகத்தை வெட்டியதில் வருத்தம் இல்லை. ஒரே பிரதி, படிக்க இரண்டு பேர், இருவருக்கும் ரயிலில்தான் நேரம். முழுதாக ஒருவர் கையில் கொடுத்தால் அடுத்தவருக்குத் தீபாவளிக்குத்தான் கிடைக்கும். நேற்று மாலை அரிவாள்மனையில் வைத்து ஆறு துண்டு. அம்மா பார்த்துவிட்டு, "சாமி கண்ணக் குத்தும்டி" என்றார். சாக்கு ஊசி, வெள்ளை நூல். குத்தியது ஊசிதான், விரலை.

புத்தகம் மதுரை நடைபாதையில் வாங்கியது. அட்டை இல்லை, பெயர் இல்லை, எழுதியவர் யாரென்று இல்லை. சிங்கம்புணரிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். மூன்று தலைமுறை, ஒரு கடலைக்கொல்லை, ஒரு கிணறு, ஓயாத பங்காளிச் சண்டை. அடி ஓரம் முழுக்கச் செல்லரித்திருந்தது. அதை நறுக்கியதில் பக்க எண்களும் போய்விட்டன. அத்தியாயங்களுக்கும் எண் கிடையாது. ஒரு நட்சத்திரம் மட்டும்.

ஆறு துண்டுக்கும் அட்டை: பழைய காலண்டர் தாள், வெள்ளைப் பக்கம் வெளியே. எண் போட்டால் பள்ளிக்கூட நோட்டு மாதிரி இருக்கிறது. காலண்டர் ஜனவரியில்தானே தொடங்குகிறது என்று மாதப் பெயர்கள். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. தடித்த மார்க்கர். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

காலை லேசான தூறல். காரைக்குடி ஸ்டேஷனில் ரஹ்மத் அக்கா எனக்கு முன்பே வந்து இடம் போட்டு வைத்திருந்தார். புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கணவர் ஷார்ஜாவில். நான் அதே ஊரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், கௌரவ விரிவுரையாளர். செட்டிநாடு ஸ்டேஷனில் விசாலம் ஆச்சி. கொத்தமங்கலத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு ஏறுவார். வங்கி வேலை, ஓய்வு பெறும் வயது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, எனக்குப் பெரியம்மா முறை. ஆனால் ரயிலில் எல்லாருக்கும் ஆச்சி. எனக்கும்.

"என்னடி இது, மாங்காய அறுத்த மாதிரி அறுத்து வச்சிருக்கே."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படிக்கலாம்ல, ஆச்சி."

"நீ எழுதுற கதையவும் இப்பிடித்தான் அறுத்துப் போடுறே போல. தலையும் இல்ல, வாலும் இல்ல."

ரஹ்மத் அக்கா சிரித்து இருமினார். எங்கள் ரயில் பெட்டியின் சட்டம் மறுபடி ஓதப்பட்டது: எல்லாரும் முடிக்கும்வரை கதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் மறுநாள் எல்லாருக்கும் பலகாரம். (போன வருடம் ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் யாரென்று ரஹ்மத் அக்கா உளறியதால் வந்த சட்டம். அந்தக் கோழி சமோசா இன்னும் நினைவிருக்கிறது.)

துணிப்பையை ஜன்னல் கொக்கியில் மாட்டினேன். ரஹ்மத் அக்கா தையை எடுத்துக்கொண்டார். ஆச்சியும் கையை விட்டு எதையோ எடுத்துக் கைப்பையில் வைத்தார். நான் மழையில் திருமயம் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

வெயில். தலைக்குக் குளித்த நாள், ரயில் காற்றில் முடி காய்ந்தது.

ஆச்சி படிக்கத் தொடங்கிவிட்டார். ரஹ்மத் அக்கா தையை அதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டார் போல. ஆச்சி எதைப் படித்தாலும் மேலே செய்தித்தாளில் ஓர் உறை போட்டுக்கொள்வார், புத்தகம் அழுக்காகக்கூடாது என்று. உதடு அசையப் படிப்பார். பிடிக்காத இடத்தில் மூக்கு சுருங்கும்.

யாரும் பார்க்காத நோட்டு என்பதால் எழுதி வைக்கிறேன். இந்த நாவலை ரயிலுக்குக் கொண்டுபோனது இலக்கியத் தொண்டு இல்லை.

பங்குனித் துண்டு. அதில்தான் தெய்வானைக்கும் கருப்பையாவுக்கும் ஒரே குலசாமி என்று தெரியவரும். இரண்டு ஊர், இரண்டு குடும்பம், ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காட்டுக் கோயிலுக்குக் கிடாயோடு வந்து நிற்பார்கள். பங்காளி. அண்ணன் தங்கை முறை. அதற்குள் இரண்டு பேருக்கும் பிடித்துப் போயிருக்கும்.

எனக்கும் சோமுவுக்கும் அதுதான். குலசாமிக்குப் பதில் கோயில். சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது பழக்கம், அப்போது யாரும் கோயில் கேட்டுக்கொண்டு பழகுவதில்லை. போன வருடம் எங்கள் கோயில் கும்பாபிஷேகத்தில் பங்காளிகள் வரிசையில் சோ (நான் கூப்பிடுவது அப்படித்தான்) நின்றிருந்தான், புது வேட்டியில். என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான். எங்கள் சமூகத்தில் குடும்பங்கள் கோயில்வாரியாகப் பிரிந்தவை, ஒரே கோயில் என்றால் கல்யாணம் இல்லை. பெண்ணுக்கு ஒரு கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், மாப்பிள்ளைக்கு இன்னொன்றிலிருந்து. ரத்தத்தில் பார்த்தால் நானும் அவனும் யாரோ, எவரோ. கோயில் கணக்கில் உடன்பிறப்பு.

அப்பச்சி, அதாவது அப்பா, இறந்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா ஆச்சியைக் கேட்காமல் கத்தரிக்காய்கூட வாங்க மாட்டார். எந்த வீடு எந்தக் கோயில் என்று இந்த வட்டாரம் முழுவதையும் ஆச்சி தலைக்குள் வைத்திருக்கிறார். ஆச்சி மனசு வைத்தால் அம்மா வழிக்கு வருவார். ஆச்சியிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது.

எனவே ஒரு நாவல். பல்கலைக்கழகத்தில் கேட்டால் சிரிப்பார்கள்.

ஜூலை 30, புதன்

புழுக்கம். கல்லூரியில் மின்சாரம் இல்லை. மாணவிகள் வினாத்தாளால் விசிறிக்கொண்டார்கள்.

ஆச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம்: "ஒன்ன மாதிரி ஆளு ஒருத்தர் எழுதுனதுதான் போல. எடுத்த எடுப்புல நடுவுலருந்து ஆரம்பிக்குது. யாரு என்னன்னு ஒரு வார்த்த சொல்லலை."

"ஆச்சி, சட்டம்."

"கதைய எங்கடி சொன்னேன். எழுதுனவனச் சொன்னேன்."

ரஹ்மத் அக்கா என்னைப் பார்த்துப் புருவம் தூக்கினார். தைத் துண்டு தாத்தாவின் பிறப்பில் தொடங்குகிறது, அதைவிட ஒழுங்காக ஒரு கதை தொடங்க முடியாது. ஆச்சிக்கு எல்லாமே நவீனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை வீட்டில் செய்தி. தேவகோட்டையில் ஒரு வரன். பெங்களூரில் வேலை, நல்ல உயரமாம். ஆச்சிதான் கொண்டுவந்திருக்கிறார். ஆடி கழிந்து, ஆவணியில் முதல் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா இதைச் சொல்லும்போது பணியாரக் கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ஆச்சி பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் நான்கு பணியாரம் சாப்பிட்டேன். பசி வேறு, கவலை வேறு.

ஆடிக்கு இவ்வளவு நன்றிக்கடன் பட்டதில்லை. பெண் பார்க்கப் போகக் கூடாத மாதம் என்று வைத்தவர் வாழ்க.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு. அம்மாவுக்குப் புது மஞ்சள் கயிறு இல்லை என்ற நினைவு ஒரு நொடி. பிறகு அவரே, "அப்பளம் பொரி" என்றார்.

செய்தவை: துணி, விடைத்தாள் (பாதி), சோவுக்கு போன் (முழு).

செய்யாதவை: சிறுகதை. மூன்று வாரமாக ஒரே பத்தி. அதில் ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். இன்னும் திறந்து முடியவில்லை.

ரஹ்மத் அக்கா அனுப்பிய வாட்ஸப்: அவர் நாவலை ஒவ்வோர் அத்தியாயமாக வாசித்து, குரல் பதிவாக்கிக் கணவருக்கு அனுப்புகிறாராம். ஷார்ஜாவில் அறையில் உள்ளவர்கள் எல்லாரும் வேலை முடிந்து வந்து சோறு வடிக்கும்போது கேட்கிறார்கள். அதில் ஒருவர் சிங்கம்புணரிக்காரர். அவருடைய பதிலையும் அக்கா அனுப்பியிருந்தார். பின்னணியில் குக்கர் விசில்.

"தங்கச்சி, கத நல்லாருக்கு. ஆனா அந்த மாசத்துல எங்க ஊர்ல கடல புடுங்க மாட்டாக. எழுதுனவுகளக் கண்டா சொல்லீருங்க. மத்தபடி அந்தக் கெணறு எங்க கெணறு மாதிரியே இருக்கு."

மூன்று தடவை கேட்டேன். காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் போய்வரும் என்று நினைத்த புத்தகம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேகம், மழை இல்லை. கண்மாயில் ஒரே ஒரு கொக்கு.

புதுக்கோட்டையில் இறங்கியதும் ஆச்சி வேகமாக முன்னால் போய்விட்டார். ரஹ்மத் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நேத்துத்தான் பங்குனி முடிச்சேன் புள்ள. அதுல ஒரு குண்டு இருக்கே. ஆச்சி தாங்குவாகளா?"

"ஒங்களுக்கு என்ன தோணுச்சு, அக்கா?"

"எங்களுக்கு மார்க்கத்துல தடை இல்ல. ஆனா எங்கம்மாகிட்டப் போயி சித்தப்பா மகனக் கட்டுறேன்னு சொன்னா வெளக்கமாறுதான். அது இருக்கட்டும். ஆச்சிய நெனைச்சாத்தான் பயமா இருக்கு. கோயில் கோயில்னு உசுர விடுவாகளே."

"ஆச்சி இன்னும் அங்க வரலைல?"

"வரலையா? எனக்கு முந்திப் போயிட்டாக. ஆனியக் கையில வச்சிருக்காக."

பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டேன். ஆனி ஆறாவது. பங்குனி நேற்றுவரை ரஹ்மத் அக்காவிடம். அதற்கு முன் மாசியும் தையும் அவரிடமேதான். அப்படியானால் ஆச்சி எதைப் படித்தார்?

சித்திரை. வைகாசி. இப்போது ஆனி.

டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. நான் காலண்டரைப் பார்த்து அட்டை போட்டேன். ஆச்சி வருடத்தைச் சித்திரையில் தொடங்கியிருக்கிறார். அவருக்கு அதுதானே முதல் மாதம். சித்திரை, வைகாசி, ஆனி, பிறகு தை, மாசி. பங்குனி கடைசி. நடுவில் மாதங்கள் குறைவதை அவர் பொருட்படுத்தவில்லை. துண்டு ஆறுதானே.

நாவலின் பின்பாதியை முதலில் படித்துவிட்டார். அதாவது ஆச்சிக்குத் தெரிந்த தெய்வானையும் கருப்பையாவும் கல்யாணமானவர்கள். வீடு கட்டியவர்கள், பிள்ளைகளின் பங்குச் சண்டையைத் தீர்த்தவர்கள், இப்போது கிழவன் கிழவி. எப்படிச் சேர்ந்தார்கள் என்பது இன்னும் ஆச்சிக்கு வரவில்லை.

டீ ஆறிவிட்டது. இன்னொன்று வாங்கினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் ஆச்சி ஆனியோடு. திருமயம் தாண்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கருப்பையா கிழவியின் கண்ணாடியை ஒளித்துவைக்கும் இடம். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைத் தன்னிடம் கேட்டுத்தான் ஏற வேண்டும் என்பதற்காக. அவள் தெரிந்தே வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள்.

"என்ன ஆச்சி சிரிப்பு?" ரஹ்மத் அக்கா.

"ஒண்ணுமில்ல. எங்க வீட்டு மனுசன் ஞாபகம்."

ஆச்சியின் கணவர் போய்ப் பல வருடம். அவரைப் பற்றி ஆச்சி ரயிலில் பேசி நான் கேட்டதில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த கண்ணீர் போலத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலை, மாடியில் துணி எடுத்துக்கொண்டே சோவிடம் போனில் எல்லாம் சொன்னேன். அவன் திருச்சியில் கட்டடப் பொறியாளன், எதையும் அஸ்திவாரத்திலிருந்து யோசிப்பவன்.

"வரிசை மாறிருச்சுன்னு அவுககிட்டச் சொல்லீரு."

"சொன்னா?"

"சொன்னா மொதல்லருந்து படிப்பாக."

"ஏற்கனவே பாதி படிச்சாச்சு, சோ. படிச்சத அழிக்க முடியாது."

"மேல்மாடியக் கட்டிட்டு அஸ்திவாரம் தோண்டுறாக உங்க பெரியம்மா."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே, "நிக்குதா?" என்றான்.

"இதுவரைக்கும் நிக்குது."

சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. இது ஏமாற்று இல்லை என்று ஒரு பக்கத்துக்கு வாதம் எழுதி, அடித்துவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றுதான்.

வேறொன்று. கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு என்ற வரிசை வேண்டியதில்லை என்று எம்.ஃபில்லில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். முதல் வகுப்பு கொடுத்தார்கள். அதை ஆச்சி ரயிலில் செய்துகொண்டிருக்கிறார், குறைந்த சத்தத்தில்.

இந்த நாவலில் ஒரு குறை உண்டு என்று நினைத்திருந்தேன். குலசாமி விவகாரம் அவ்வளவு பெரிதாக வெடித்தபின், பின்பாதியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. யாரும் குத்திக்காட்டுவதில்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன். இப்போது அந்தப் பெயர் தெரியாத மனிதரிடம் மன்னிப்பு. மறந்தது அவர் இல்லை, ஊர்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று பெய்த மழையில் பெட்டிக்குள் ஜன்னலோரம் ஈரம். செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம்.

தையும் மாசியும் ஆச்சி பறந்து பறந்து படித்துவிட்டார். பின்னால் போகும் கதை அவருக்குப் பிடித்திருக்கிறது. "சினிமாவுல பழசக் காட்டுவாகள்ல, அந்த மாதிரி வச்சிருக்கான். பரவால்ல, கெட்டிக்காரன்."

ரஹ்மத் அக்காவுக்கு இன்னும் குழப்பம். "எது பழசு ஆச்சி?" என்று கேட்க வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் ஆச்சியைப் பார்த்தார். அவருக்கு எதுவரை விளங்கியதோ. சோமுவைப் பற்றி நான் சொன்னதில்லை. ஆனால் மருந்துச் சீட்டுப் படிக்கிறவர், எந்தக் கிறுக்கலையும் படிப்பார்.

மாலை திரும்பும்போது ஆச்சி பங்குனியைப் பையிலிருந்து எடுத்தார். உறை போட்டார். கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

செட்டிநாட்டில் இறங்கும்போது திரும்பி: "இதோட முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது, ஆச்சி."

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆச்சி ரயிலில் படிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டார். கீரனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், "ஆச்சி, ரயிலு கவுந்தாலும் ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

மாலை ரயிலுக்கு ஆச்சி வரவில்லை. பஸ்ஸில் போய்விட்டாராம்.

நாளை சுதந்திர தினம், மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, பிறகு ஞாயிறு. ரயில் இல்லாத நாட்கள். எனக்கு விடுமுறை இவ்வளவு பிடிக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. அம்மா வெண்கலப் பாத்திரங்களை இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை தேவகோட்டைக்காரர்களுக்காக. நானும் தேய்த்தேன். தாம்பாளத்தில் முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக.

காலையில் அம்மா ஆச்சிக்கு போன் செய்தார். எத்தனை பேர் வருவார்கள், பலகாரம் கந்தரப்பமா கும்மாயமா என்று கேட்க. ஆச்சி எடுக்கவில்லை. மதியமும் இல்லை.

"எங்கயோ விசேசத்துக்குப் போயிருப்பாக" என்றார் அம்மா.

ஆடி நேற்று முடிந்தது என்பதும், இன்றே விசேஷத்துக்குப் போகலாம் என்பதும் உண்மைதான். வேறு காரணமும் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

சிறுகதையில் அந்தப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு கிழவன் யாருடைய கண்ணாடியையோ தேடிக்கொண்டிருந்தான். திருட்டு. அடித்துவிட்டேன். ஆனாலும் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில், காற்று. மறப்பதற்குள் வரிசையாக.

செட்டிநாட்டில் ஆச்சி ஏறினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். ரஹ்மத் அக்காவிடம், "கொஞ்சம் அங்குட்டு நகண்டு உக்காரு தாயி" என்று சொல்லி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பங்குனியை எடுத்து மடியில் வைத்தார். உறை இல்லை.

"அட்ட போட்டவளுக்கு வருசம் எந்த மாசத்துல பொறக்கும்னு தெரியல."

"காலண்டரப் பாத்து..."

"காலண்டரப் பாத்து. நல்லா இருக்கு."

கண்மாய், தைலமரக் காடு. ரஹ்மத் அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டார். திரை அணைந்திருந்தது.

"யாரு அது?" என்றார் ஆச்சி.

"எது, ஆச்சி?"

"அதான், கருப்பையா. சும்மாவா இத ரயிலுக்குத் தூக்கிட்டு வந்தே. ஒங்கதையையே எங்களுக்குச் சொல்ல மாட்டே, ஊரான் கதைய அறுத்துத் தச்சு அட்ட போட்டுக் கொண்டாருவியாக்கும்."

சொன்னேன். "பேரு சோமசுந்தரம். பள்ளத்தூர். திருச்சியில வேலை." வீட்டு விலாசத்தையும் சொன்னேன்.

ஆச்சி கண்ணை மூடினார். தலைக்குள் வீடு வீடாகப் போகிறார் என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தார்.

"ஒங்க கோயிலு."

"ஆமா, ஆச்சி."

"ஒங்கம்மாவுக்கு?"

"தெரியாது."

திருமயம் வந்தது. சிலர் இறங்கினார்கள், ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சு ஏறியது. வண்டி நகர்ந்த பிறகு ஆச்சி பங்குனியைப் புரட்டி, கிடா வெட்டும் கோயில் வரும் பக்கத்தில் விரலை வைத்தார்.

"மொதல்லயே இதப் படிச்சிருந்தேன்னு வையி, ஜன்னல் வழியா வீசியிருப்பேன். ஒன்னையும் சேத்து. படிச்ச புள்ளைக்கு வேற கத கெடைக்கலையான்னு கேட்டிருப்பேன். நாலு நாளா எனக்கு ஒரே கோவம். அந்தக் கழுத தெய்வானை, தெரிஞ்ச அன்னைக்கே விலகிப் போயிருக்கணுமில்ல? போயிருக்கணும். அதுதான் மொற." விரலை எடுத்தார். "ஆனா அவ போயிருந்தா அந்தக் கண்ணாடிய யாருடி ஒளிச்சு வைப்பா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டு பேரையும் கெழவன் கெழவியாப் பாத்துப்புட்டேன். இனிமேப் பிரிச்சு வைக்க மனசு வரல. எல்லாம் நீ போட்ட அட்ட."

"ஆச்சி..."

"இரு, நான் இன்னும் சரின்னு சொல்லல. கோயில்ல மாலை குடுக்க மாட்டாக. கோயில் கணக்குல ஒரு புள்ளியா, ஒரு குடும்பமாச் சேக்க மாட்டாக. ஒங்கம்மாள ஒரு வருசத்துக்கு எந்த வீட்லயும் முன்னால நிக்க விட மாட்டாக. தெரியும்ல?"

"தெரியும்."

"அவனுக்கு?"

"அவனுக்கும்."

நமணசமுத்திரம் போயிற்று. பிறகு ஆச்சி, விலை விசாரிக்கும் குரலில்: "பூக்கடையிலதான் மாலை வாங்கணும். வாங்கிக்கிறது. புதுக்கோட்டையில பூவுக்கா பஞ்சம்."

ரஹ்மத் அக்கா போனைக் கீழே வைத்துவிட்டார். "ஆச்சி, கண்ணாடி, கெடா, கெழவன் கெழவி, எல்லாத்தையும் சொல்லிப்புட்டீக. நான் இன்னும் ஆனி படிக்கல. நாளைக்குப் பலகாரம் ஒங்க வீட்டுலருந்துதான்."

"சீயம் கொண்டாறேன். வாய மூடு."

"ஷார்ஜா ரூமுக்கும் சேத்து."

"அவுகளுக்கு நீ போட்டோ அனுப்பு."

புதுக்கோட்டையில் இறங்கும்போது ஆச்சி என் தோளில் கையை ஊன்றினார். அவருக்கு ஊன்றல் தேவையில்லை, ஸ்கூட்டி ஓட்டுகிறவர்.

"தேவகோட்டைக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன், வெள்ளிக்கெழம வேணாம்னு. ஒங்கம்மாட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா நான் முடிவு பண்ணுனதா ஆயிரும். இன்னைக்கே சொல்லு. ராத்திரி அவ எனக்கு போன் பண்ணுவா, நான் எடுக்குறேன்." நாலு அடி போய்த் திரும்பினார். "தையக் குடு. ஒழுங்கா ஒருதடவ படிக்கிறேன்."

கொடுத்தேன்.

வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. ஒரு மாணவி, "மேடம் இன்னைக்கு நல்லாருந்துச்சு" என்றாள்.

மாலை வீடு. அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரையோடு. தேய்த்த தாம்பாளங்கள் சுவரோரம் வரிசையாக. கைகால் கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். பாதிக் கீரை உருவியதும் சொன்னேன்.